மஞ்சள் விழுந்த கதிர்

அந்தப் பருவத்தில் செலண்டார் பக்கம் சோளம் போட்ட எல்லாருக்கும் புழு விழுந்தது. கணேஸ்வரனுக்கு மட்டும் விழவில்லை. குருத்துக்குள் சுருண்டு கிடந்து இலையைச் சல்லடையாக்கிவிடும் புழு அது. மருந்தடித்தவன் நிலத்திலும் இருந்தது, அடிக்காதவன் நிலத்திலும் இருந்தது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒன்றரை ஏக்கரில் கணேஸ்வரனின் சோளம் மட்டும் பொத்தல் இல்லாமல் ஆளுயரத்துக்கு நின்றது. ரோட்டில் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன மருந்துலா போடுற?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஒரு மருந்தும் இல்ல. ஆத்தா குடுத்த வித" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்படிச் சொல்லும்போது அவன் நெஞ்சு சற்று நிமிரும். அந்தப் பேச்சு யார் வாய் வழியாக எந்த ஆபீசுக்குப் போனதோ தெரியாது. அவன் மனைவி பவானேஸ்வரிக்கு பேக்டரி லீவு நாளான ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோழிக்கொட்டகைக்கு முன்னால் விவசாய இலாகா வண்டி வந்து நின்றது.

வண்டியிலிருந்து இறங்கியது ஒரு தமிழ்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. திவ்யதர்ஷினி என்று கழுத்து அட்டையில் எழுதியிருந்தது. வணக்கம் சொல்லி, கேட்டுக்கொண்டுதான் நிலத்துக்குள் இறங்கினாள். நான்கைந்து செடிகளில் இலைத்துண்டு கிள்ளி, சின்னக் குப்பியில் போட்டு நசுக்கி, தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதில் ஒரு காகிதக் குச்சியை நிறுத்தினாள். கொரோனா சமயத்தில் கோடு விழுகிறதா என்று பார்த்த குச்சி மாதிரியே இருந்தது. சிறிது நேரத்தில் குச்சியில் இரண்டு கோடு தெரிந்தது.

"ரெண்டு கோடா?" என்றான் கணேஸ்வரன். "ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா மிஸ்?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அங்கிள், இது ஜீன் மாத்துன சோளம். புழுவக் கொல்ற சத்து செடிக்குள்ளயே இருக்கும். அதனாலதான் உங்களுக்குப் புழு இல்ல. ஆனா நம்ம நாட்டுல இத நடுறதுக்கு அனுமதி குடுக்கல. வித எங்க வாங்குனீங்க?"

கணேஸ்வரன் பவானியைப் பார்த்தான். பவானி கோழித் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள்.

விதை வாங்கப்படவில்லை. அது வந்த கதையை எங்கே ஆரம்பித்து எப்படிச் சொன்னால் ஒரு அதிகாரிக்கு விளங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடித் திருவிழா. குருபோங்கில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடத்தில், மாரியம்மன் கோயில் மட்டும் இன்னும் இருந்தது. பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். இருட்டறையில் ஒன்பது நாள் தானியம் முளைக்க வைத்து, மஞ்சள் வெளுப்பாக நீளும் பயிரைத் தலையில் சுமந்து போய் ஆற்றில் கரைப்பார்கள். அந்த வருடம் பவானிக்கு பேக்டரியில் ஓவர்டைம் நெருக்கியது. டவுனுக்குப் போய் நவதானியம் வாங்க நேரமில்லை. கோழிக்கு வாங்கி வைத்திருந்த மூட்டையைத் திறந்து இரண்டு கைப்பிடி முழுச்சோளம் அள்ளி ஊற வைத்தாள். கப்பலில் வரும் சோளம். மூட்டையின் மேல் கால்நடைத் தீவனம் மட்டும் என்று மலாயில் அச்சடித்திருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அம்மனுக்கு முளைக்கப் போடுவதை நடுவதாக அவள் நினைத்திருக்க மாட்டாள்.

மற்றவர்களின் பயிரைவிட அவளுடையதுதான் ஓங்கி வளர்ந்தது. ஆனால் கரைக்கப் போன இடத்தில் ஆறு இல்லை. தோட்டத்து ஓடையை வீடு கட்டும் கம்பனிக்காரன் சிமெண்டுக் கால்வாயாக மாற்றி, கம்பி வேலியும் போட்டிருந்தான். உள்ளே பிளாஸ்டிக் பையும் டயரும் கிடந்தன. மற்ற பெண்கள் வேறு வழியில்லாமல் வேலிக்கு மேலாகப் போட்டார்கள். பவானிக்குக் கை வரவில்லை. சாமிக்கு வைத்ததைச் சாக்கடையில் போட அவளால் முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வாய்க்கால் ஓரம் ஈரத்தில் ஊன்றிவிட்டாள்.

அது கதிர் விட்டது. எல்லாச் செடியும் ஒரே மாதிரி வரவில்லை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, சிலதைப் புழு தின்றது, சிலதைத் தொடவே இல்லை. கணேஸ்வரன் புழு தொடாத செடியின் கதிரை மட்டும் முறித்து வைத்து அடுத்த முறை போட்டான். அதிலும் அப்படியே பொறுக்கினான். இப்படித்தான் இரண்டு கைப்பிடி, ஒன்றரை ஏக்கர் ஆனது.

இதையெல்லாம் திவ்யதர்ஷினியிடம் பவானி துண்டு துண்டாகச் சொல்லி முடித்தபோது வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"முளைப்பாரியா?" என்று மட்டும் மறுபடி கேட்டாள். "எங்க அம்மாவும் போடுவாங்க ஆண்டி."

"இப்ப என்ன பண்ணணும்மா?"

"ஆண் பூ இன்னும் வெடிக்கல. வெடிச்சா அதோட தூள் பறந்து மத்தவங்க சோளத்துல ஒட்டிரும். வெடிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டிக் குழி தோண்டிப் பொதைக்கணும். வெச்சிருக்கிற வித, பழைய கதிரு, எல்லாம். நான் அடுத்த வாரம் வந்து பாப்பேன்."

"வெட்டலன்னா?" என்றான் கணேஸ்வரன்.

"கேஸ் போடுவாங்க அங்கிள். நான் இல்ல, மேல இருக்கிறவங்க. அபராதம் நம்மளால தாங்க முடியாது. ஜெயிலும் இருக்கு."

வண்டி போன பிறகு அவன் கொட்டகைக்குள் போய்க் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். கோழிகள் காலைச் சுற்றி வந்தன. முன்னூறு நாட்டுக்கோழி. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு, சர்க்கரை வியாதியில் வலது காலில் இரண்டு விரலை எடுத்த பிறகு லோரி போயிற்று. குருபோங் பேக்டரி ஒன்றின் கேட்டில் காவல் வேலைக்குப் போனான். பன்னிரண்டு மணி நேரம் பூட்ஸ் போட்டு நிற்க வேண்டும். நான்காவது மாதம் மூன்றாவது விரலில் புண் வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த நிலம், இந்தக் கோழிகள். தீவன விலை ஏறியபோது எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றிருந்தார்கள். சொந்தச் சோளம் வந்துதான் கொட்டகை நின்றது. அவன் நாள் பூராவும் ரப்பர் ஜப்பான் செருப்போடு, நினைத்தபோது உட்கார்ந்து, நினைத்தபோது எழுந்து வேலை செய்தான். புண் ஆறியது. சோளம் போனால் கோழி போகும், கோழி போனால் அவன் கேட்டுக்குப் போவான். பவானி பேக்டரியில் சின்னச் சின்ன பாகங்களைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கால்தான் தெரிந்தது.

மறுநாள் பத்து பெரண்டாம் ஊருக்குப் போகும் பேக்டரி பஸ்ஸில் பக்கத்து சீட்டு ராமாத்தாளிடம் சொன்னாள். ராமாத்தாள் அவளைவிட மூத்தவள், அதே கோயில் முளைப்பாரிக்காரி.

"ஜீன் மாத்துன சோளமா? ஐயோ, என் பேத்தி போன்ல காட்டுனாளே. அதத் தின்னா பொம்பளைக்கு மீச மொளைக்குமாம்."

"சும்மா இருங்க க்கா."

"இல்லடி, எனக்கு ஏற்கனவே இருக்கு, எனக்கென்ன பயம்." அவளே சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாம கடையில வாங்குற எண்ணெய், சோயா, கோழி, எல்லாம் அதுல வளந்ததுதான்னு அதே போன்லதான் இன்னொருத்தன் சொல்றான். தின்னா பரவால்ல, நட்டா கேஸுன்னா, என்னடி ஞாயம் இது?"

"பூ பறக்கும்னு சொல்றாங்க."

"பறந்துட்டுப் போவுது. உன் புருஷன் என்ன கஞ்சாவா போட்டிருக்கான்? பேசாம இரு. அந்தப் பொண்ணு அடுத்த வாரம் மறந்துரும்."

மறக்கக்கூடிய பெண்ணாகப் பவானிக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு, வராமல் புழுங்கியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஜமால் பக்சிக் தன் நிலத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய மலாய்க்காரர், அதனால் எல்லாருக்கும் பக்சிக், மாமா. பழைய தோட்டத்து லயத்துக்குப் பக்கத்துக் கம்போங் கிராமத்தில் பிறந்து, தமிழ்ப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்தவர். தமிழ் உடைந்து உடைந்து வரும், ஆனால் தயங்காமல் வரும். அவர் போடுவது புலுட் சோளம். வெள்ளையாக, அவித்தால் பல்லில் ஒட்டும் சோளம். விதை கடையில் வாங்குவதில்லை. அவர் மாமியார் கொண்டுவந்த விதையை வருடா வருடம் எடுத்து, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் போடுவார். செலண்டார் பாசாரில் தேங்காய்த்துருவலும் உப்பும் போட்டு அவர் மனைவி விற்பாள். அதற்காகவே ஜாசினிலிருந்து ஆள் வரும்.

"பவானி! இங்க வா, ஒன்னு காட்டுறேன்."

பலகைப் பாலத்தைத் தாண்டிப் போனாள். அவர் சட்டைப்பையிலிருந்து காய்ந்த கதிர் ஒன்றை எடுத்து உரித்தார். வெள்ளை மணிகளுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் மணிகள். சோழி நடுவில் பொன்மணி கோத்த மாதிரி இருந்தது.

"அழகா இருக்குல்ல? போன பருவம் இப்புடி நெறய. உன் வீட்டு மாப்பிள்ள காத்துல ஏறி என் பொண்ணுங்கள பாக்க வந்துட்டான்." அவர் குலுங்கிச் சிரித்தார். "பாசார்ல சீன ஆயா ஒன்னு கேக்குது, ஜமால், உன் ஜாகோங் இப்ப ஒட்ட மாட்டேங்குதேன்னு. பரவால்ல. மஞ்சள நான் பொறுக்கிப் போட்டுட்டேன். வெள்ளை மட்டும் வித."

இலாகா வண்டி வந்ததை அவர் பார்த்திருப்பார், கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவர் தன் கையில் கொடுத்த கதிரை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். எதற்காக மறைத்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

இரவுச் சோற்றுக்கு நெத்திலி சம்பலும் முருங்கைக்கீரையும். கணேஸ்வரன் பாதிச் சோற்றில் நிறுத்திவிட்டான்.

"வெட்டிரலாம்ங்க" என்றாள் பவானி.

"எதுக்கு? யார் குடிய கெடுத்துட்டேன்? விஷம் அடிக்கல. மருந்து டப்பாவ ஆத்துல கழுவல. அவனவன் மூக்குல துணி கட்டிக்கிட்டு அடிக்கிறான், அவனுக்கு கேஸ் இல்ல."

"கேஸு போட்டா எங்க போறது?"

"வரட்டும். நான் பேசிக்கிறேன். படிச்ச புள்ள, சொன்னா விளங்கும்."

அவள் அந்தக் கதிரை எடுத்துக் காட்டவில்லை. காட்டினால் அவன் வெட்டிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். காட்டாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். ஆறிய புண்ணின் தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

சொன்னபடி அடுத்த வாரம் வண்டி வந்தது. பவானி அரைநாள் லீவு போட்டிருந்தாள். சோளம் ஒன்றுகூட வெட்டப்படவில்லை. உச்சியில் ஆண் பூங்கதிர்கள் உறை பிரிந்து வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தன. திவ்யதர்ஷினி அவற்றை அண்ணாந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

கணேஸ்வரன் நாற்காலி போட்டு, தேத்தண்ணீர் வைத்து, தயாராகத்தான் இருந்தான்.

"மிஸ், ஒன்னு கேக்குறேன். கோவிச்சுக்காதீங்க. கப்பல்ல வருது, கடையில விக்குது, கோழி திங்குது, கோழிய நீங்களும் திங்கிறீங்க. மண்ணுல போட்டா மட்டும் என்ன குத்தம்?"

"திங்கறதுக்கு ஆராய்ஞ்சு அனுமதி குடுத்திருக்காங்க அங்கிள். நடறதுக்கு வேற ஆராய்ச்சி. தின்னது பறக்காது. பூ பறக்கும்."

"புழு மருந்தும்தான் பறக்குது."

"ஆமா." அவள் தேத்தண்ணீர்க் கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "எனக்கே சில சமயம் தோணும். மருந்து இல்லாம வெளையுதுன்னா நல்லதுதானேன்னு. எங்க ஆபீஸ்லயே ரெண்டு கட்சி இருக்கு. அனுமதிக்கணும்னு ஒரு கட்சி, கூடவே கூடாதுன்னு ஒரு கட்சி. ஆனா அங்கிள், இது அங்க பேசி முடிவாக வேண்டியது. இங்க நீங்க ஒருத்தரா முடிவு பண்ண முடியாது."

"நான் எங்க முடிவு பண்ணேன்? அதுவா மொளைச்சிச்சு. சரி, கெட்டது கெட்டதுன்னு சொல்றீங்களே, யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? ஒரு ஆளக் காட்டுங்க. இந்தச் சுத்து வட்டாரத்துல ஒரே ஒரு ஆள். காட்டுனா இப்பவே வெட்றேன்."

அவன் குரல் ஏறிவிட்டது. கொட்டகையில் சேவல் ஒன்று சிறகடித்தது. இப்படியே போனால் அந்தப் பெண் எழுந்துவிடுவாள், வண்டியில் ஏறிவிடுவாள், அடுத்தது போலீஸோடு வருவார்கள் என்று பவானிக்குப் பட்டது. அவளுக்குக் கால் வலித்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது.

"ஜமால் பக்சிக் சோளத்துல மஞ்சள் விழுந்திருச்சு" என்றாள்.

உள்ளே போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து கதிரை எடுத்துவந்து கணவன் மடியில் வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு மேல என்னங்க பேசறது" என்றாள் அவள். "வெட்டிருவோம்."

கணேஸ்வரன் தலையை ஆட்டினான். அத்தோடு முடிந்தது என்று பவானி நினைத்தாள். ஒரு மூச்சுகூட விட்டாள். அப்போதுதான் திவ்யதர்ஷினி கிளாசைக் கீழே வைத்தாள்.

"ஆண்டி, அந்த பக்சிக் அந்தக் கதிர்லருந்துதான் வித எடுத்துப் போட்டிருக்காரா?"

"மஞ்சள பொறுக்கிட்டாரு. வெள்ளை மட்டும்..."

"எந்தப் பக்கம் அவரு நெலம்?"

பவானி சொல்லத் தேவையே இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், முழங்காலுக்கு மேல் வளர்ந்த சோளத்துக்கு நடுவே, ஜமால் பக்சிக்கின் தொப்பி தெரிந்துகொண்டுதான் இருந்தது.

"அவரு ஒன்னும் பண்ணலம்மா" என்றாள் பவானி. "அவருது பழைய வித. அவருக்கு ஒன்னும் தெரியாது."

"தெரியும் ஆண்டி. ஆனா நான் இப்ப கேட்டுட்டேன். கேட்டப்புறம் பாக்காம போக முடியாது."

அவள் குப்பிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பலகைப் பாலத்தைத் தாண்டினாள். இவர்கள் இருவரும் இந்தப் பக்கமே நின்றார்கள். அந்தப் பெண் மலாயில் பேசுவதும், ஜமால் பக்சிக் தொப்பியைக் கழற்றுவதும், தானே செடியைக் காட்டி, இதில் கிள்ளு, அதில் கிள்ளு என்று உதவுவதும் தெரிந்தது. குச்சிகளை வரிசையாகப் பலகையில் வைத்துக் குனிந்து பார்த்தார்கள். சிலதில் ஒரு கோடு. சிலதில் இரண்டு.

மஞ்சள் மணியைப் பொறுக்கியதில் தப்பியது எப்படியோ. கண்ணுக்கு அகப்படாததும் இருந்திருக்கும்.

திரும்பிவந்த திவ்யதர்ஷினி உட்காரவில்லை. "அவருதும் எடுக்கணும்" என்றாள். "அடுப்புக்கு மேல இருக்கிற விதையும்." குப்பிப் பெட்டியை மூடினாள். "அந்த வித வேற யார்கிட்டயும் இல்லையாம். கேட்டேன்" என்றுவிட்டு வண்டியில் ஏறினாள்.

அன்று மாலை ஜமால் பக்சிக்கின் அடுப்படியிலிருந்து புகை வந்தது. சமையல் புகையைவிடத் தடிப்பாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் கணேஸ்வரன் பாராங் கத்தியைத் தீட்டினான். பவானி பின்னால் மண்வெட்டியோடு வந்தாள். அவன் தன் நிலத்துக்குள் இறங்காமல் நேரே பாலத்தைத் தாண்டிப் போனான். ஜமால் பக்சிக் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டிருந்தார். வெட்டவில்லை, ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி, வேர் மண்ணைத் தட்டிவிட்டுப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

கணேஸ்வரன் மறு ஓரத்திலிருந்து ஒரு செடியில் கை வைத்தான்.

"கணேஸ்." அவர் நிமிரவில்லை. "அது வேணாம். என்னுது நான் புடுங்குறேன். நீ உன்னுது போ."

அவன் கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். முதல் வரிசையை வெட்ட ஆரம்பித்தான். பவானி வெட்டியதை இழுத்துக் குழி தோண்டப் போகும் பக்கம் போட்டாள். இலை விளிம்பு முழங்கையைக் கீறிக் கீறி எரிந்தது. காற்றே இல்லை. பூந்தாள்களில் ஒன்றிரண்டு வெடித்து, தலைமுடியிலும் கழுத்திலும் மஞ்சள் தூள் ஒட்டியது.

"பவானி" என்றான் கணேஸ்வரன், வெட்டிக்கொண்டே. "அந்த கேட்டு வேலைக்கு இப்ப நாற்காலி குடுக்கிறானான்னு கேட்டுப் பாரு."

"ம்."

"கோழி நூறு வெச்சிக்கலாம். மிச்சத்த தள்ளிரலாம்."

"ம்."

பத்து மணிக்குமேல் அவன் கொட்டகை நிழலுக்குப் போனான், கால் மரத்துவிட்டது. பவானி கத்தியை வாங்கிக்கொண்டாள். பழக்கமில்லாத கை. ஒரு தாளுக்கு இரண்டு வெட்டு போட வேண்டியிருந்தது. முக்கால்வாசிக்கு மேல் இன்னும் நின்றது.

பலகை அதிர்ந்தது. ஜமால் பக்சிக் தன் கத்தியோடு வந்தார். அவர் பக்கம் மண் மட்டும்தான் இருந்தது. அவளைப் பார்க்காமல் பக்கத்து வரிசையில் இறங்கி, ஒரே வெட்டாக வெட்டி, சாய்கிற தாளை இடது கையால் பிடித்துப் பூத்தலை குலுங்காமல் படுக்க வைத்தார்.

"நாளைக்கு எல்லாம் வெடிச்சிரும்" என்றார்.

அவள் தன் வரிசையை வெட்டினாள். ஒரு வரிசை முடிந்தது. அடுத்த வரிசையின் தொடக்கத்தில் அவளால் அடக்க முடியவில்லை.

"பக்சிக், நாந்தான் சொன்னேன்."

"தெரியும்."

அவர் இன்னும் இரண்டு மூன்று செடிகளை வெட்டினார். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொல்லலன்னா இன்னும் நாலு பருவம் நான் பொறுக்கிக்கிட்டு இருப்பேன். கடைசியில எல்லாம் மஞ்சளாப் போயிருக்கும்."

"ஆமா பக்சிக்."

"ஆனாலும்" என்றார் அவர். அடுத்த தாளைப் பிடித்தார். "நீ மொதல்ல என்கிட்ட சொல்லியிருக்கலாம், பவானி."

கத்தி இறங்கியது. அவர் அதைப் படுக்க வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அவளும் தன் வரிசையில் அடுத்த செடியைப் பிடித்தாள்.